ஆவி மிஷினும் ஈரச் சாக்கும்

கொரோனா வந்த வருஷம் நீங்கள் எல்லாரும் ஆவி பிடித்தீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். நம் வயசுக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் போர்வையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நொச்சி, மஞ்சள், ஓமவல்லி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் கொதிக்கவிட்டு மூக்கைக் காட்டியவர்கள்தான். நான் மட்டும் பிடிக்கவில்லை. என் மகன் கரண்டில் ஓடும் ஆவி மிஷின் ஒன்றை வாங்கிவந்து சமையல் மேடையில் வைத்தான். அதை அட்டைப்பெட்டியோடு தூக்கிப் பரணில் போட்டேன். "எதுக்கும்மா இவ்வளவு கோவம்?" என்று கேட்டான். அவனிடம் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. உங்களிடம் சொல்லலாம். பட்டாசு ஊரில் வளர்ந்தவர்களுக்குப் பாதி சொல்லும்போதே விளங்கிவிடும், மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதிரி ஒரு மிஷினை வைத்துத்தான் என் அத்தையை வீட்டைவிட்டு அனுப்பினார்கள். பெறாத பிள்ளையாக வளர்த்த என் தம்பியின் மேல் கொதிதண்ணீரைக் கொட்டியவள் என்று பேர் வாங்கிக்கொண்டு போனாள். அவள் நிஜமாகவே கொட்டினாளா என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற வழியில், பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் நமக்குக் கேட்கிற வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். அம்மா வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டுவாள். அப்பாவின் தங்கையான என் அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதே கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற அறையில் வேலை. அப்புறம் நான், எனக்கு இளையவனாகத் தம்பி. இவ்வளவுதான் ஆட்கள்.

அத்தை சாயங்காலம் வீடு திரும்பும்போது அவள் காதுமடலிலும் புருவத்திலும் அலுமினியப் பவுடர் மினுங்கும். தெருப்பிள்ளைகள் "ஏய், வெள்ளி அத்தை வந்தாச்சு" என்று கத்துவார்கள். தம்பி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடுவான். "ஏலே, கிட்ட வராதலே, மேலெல்லாம் மருந்து" என்று விரட்டிவிட்டு நேராகக் கொல்லைக்குப் போவாள். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்து, வேறு சேலை மாற்றி, உள்ளங்கையை மோந்து பார்த்துக்கொண்ட பிறகுதான் அவனைத் தூக்குவாள். தூக்கினால் அப்புறம் இறக்கமாட்டாள். எனக்கு வயிறு எரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். என்னைத் தூக்கிவைத்துக்கொள்ள அந்த வீட்டில் ஆளே இல்லை.

தம்பிக்கு இளைப்பு இருந்தது. நான் சொல்வது ஆடி ஆவணி மாதம், தீபாவளி ஆர்டருக்காகக் கம்பெனிகள் மூச்சுவிடாமல் ஓடுகிற சீசன். காய்ந்த காற்று புழுதியைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றும். பொழுது சாய்ந்ததும் தம்பியின் நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம் ஆரம்பிக்கும். படுக்க முடியாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தோள்பட்டை இரண்டும் ஏறி ஏறி இறங்க உட்கார்ந்திருப்பான். அழக்கூட அவனுக்கு மூச்சு இருக்காது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்று இளைப்புக்காரப் பிள்ளையை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

விருதுநகர் டாக்டர் தினமும் ஆவி காட்டச் சொன்னார். விறகடுப்பில் தண்ணீர் வைத்தால் புகையிலேயே பாதி உயிர் போய்விடும். மண்ணெண்ணெய் ஸ்டவ் அதைவிட மோசம். லோடு ஏற்றிவிட விருதுநகர் போன அப்பா, பஜாரில் ஒரு பாயின் எலெக்ட்ரிக் கடையில் அந்த மிஷினை வாங்கிவந்தார். சொம்பு அளவு இருக்கும், தயிர் நிறத்தில் பிளாஸ்டிக் குடுவை. மேலே கறுப்பு மூடி, அதில் ஒரு மூக்கு. மூடியின் அடியில் சின்னதாக இரண்டு தகடுகள் ஒன்றையொன்று பார்த்தபடி தொங்கும். குடுவையில் தண்ணீர் ஊற்றி, மூன்று விரலால் அள்ளி உப்புப் போட்டு, மூடியைத் திருகி பிளக்கைச் செருகவேண்டும். கடைக்காரர் அப்பாவிடம் வேறு என்னென்ன சொல்லி அனுப்பினாரோ எனக்குத் தெரியாது. எங்களுக்கு அப்பா சொன்னது உப்புக் கணக்கு மட்டும்தான்.

"தீ எங்கப்பா இருக்கு?" என்று நான் கேட்டேன். குனிந்து குனிந்து பார்த்தும் எனக்கு அடுப்பு மாதிரி எதுவும் அகப்படவில்லை.

அப்பாவுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று. "தீயே கெடையாது தாயி. கரண்டு தண்ணிக்குள்ள இருக்கு. தண்ணிக்குள்ள கெடக்கிறது நம்மள என்ன செஞ்சிரும்?" என்றார்.

சிரிக்காதீர்கள். வேறு ஊர்க்காரர் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நானும் மடத்தனம் என்று சொல்லியிருப்பேன். நம் பக்கத்தில் தண்ணீர்தான் காவல் தெய்வம். மருந்து அறை வாசலில் எப்போதும் ஈரச் சாக்கு கிடக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, காலை நனைத்து, சாக்கில் நின்று, சுவரில் பதித்த செப்புத் தகட்டில் கையை அழுத்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். காய்ந்த நாளில் நம் உடம்பிலும் துணியிலும் சேர்ந்துகொள்கிற கரண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி, மருந்தில் விழுந்தால் அறையே இருக்காது. ஈரத்தில் நின்றால் அது சத்தமில்லாமல் தரைக்கு இறங்கிவிடும். அப்பா இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவர். தாயில்பட்டிப் பக்கம் காலை நனைக்காமல் உள்ளே போன ஒருவனைப் பற்றி எங்களுக்குச் சோறு ஊட்டும்போதுகூடச் சொல்வார். "காலை நனைச்சியா?" என்பதுதான் எங்கள் வீட்டில் யார் எதைத் தொட்டாலும் முதலில் கேட்கிற கேள்வி.

அதனால் அவர் என்ன செய்தார் என்றால், கம்பெனியிலிருந்து ஒரு சாக்கைக் கொண்டுவந்து, தண்ணீரில் முக்கிப் பிழியாமல், பிளக் இருந்த சுவரோரம் விரித்தார். மிஷினைத் தொடுகிற ஆள் கையையும் காலையும் நனைத்துக்கொண்டு சாக்கில்தான் நிற்கவேண்டும். தம்பி மட்டும் குளிர் தாங்கமாட்டான் என்று அவனுக்கு ஒரு மணைப் பலகை. வீட்டில் எல்லாரும் தலையை ஆட்டினோம். அதில் தப்பு இருக்கும் என்று நினைக்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. பிளக்கைச் செருகியதும் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தகடுகளின் பக்கத்தில் கடுகு வெடிப்பது மாதிரி குட்டிக் குட்டிக் குமிழ்கள் வந்தன. மெல்லிய உறுமல் கேட்டது. மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி ஒழுகியது. அத்தை ஈரச் சாக்கில் குத்தவைத்து உட்கார்ந்து, தம்பியையும் தன் தலையையும் சேர்த்துப் போர்வையால் மூடிக்கொண்டாள். போர்வைக்குள்ளிருந்து அவள் கதை சொல்வது கேட்டது. "நம்ம இப்ப மேகத்துக்குள்ள இருக்கோம் ராசா. கீழ பாரு, உங்கம்மா தீப்பெட்டி ஒட்டுறா." அன்றைக்குத் தம்பி கால் நீட்டிப் படுத்துத் தூங்கினான். அம்மா அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு அழுதாள். அத்தையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்ன மதினி, சின்னப்பிள்ளையாட்டம்" என்று அத்தை கையை உருவிக்கொண்டாள்.

கொஞ்ச நாள் வீடு வீடாக இருந்தது. பிறகு குழாயில் நல்ல தண்ணீர் நின்றுபோனது. நம் ஊர்த் தண்ணீர்க் கஷ்டம் உங்களுக்குப் புதிதில்லை. வந்தால் குடத்துக்கு அடிதடி, வராவிட்டால் வாரக்கணக்கில் வராது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை மிஷினில் ஊற்ற மனசு வராமல், தெருமுனை அடிபம்பில் அடித்த உப்புத் தண்ணீரை அம்மா ஊற்றினாள். வாயில் வைத்தால் கரிக்கும், துணிக்குச் சோப்பு நுரைக்காது, அப்பேர்ப்பட்ட தண்ணீர். வழக்கம்போல மூன்று விரல் உப்பையும் போட்டாள். மிஷினுக்கு வேகம் வந்துவிட்டது. பிளக்கைச் செருகின உடனேயே உறுமும். மேலே எரிகிற பல்பு மங்கும். மூக்கு வழியாக ஆவியோடு தண்ணீரும் துப்பும். "நல்லா வேலை செய்யுது" என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

அந்தச் சாயங்காலம் அத்தை வேலை முடிந்து சோர்ந்து வந்தாள். குளித்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் தம்பியோடு உட்கார்ந்தாள். அவன் இரண்டு நாளாகத் திணறிக்கொண்டிருந்தான். அம்மா கொல்லைப்பக்கம் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் எதிர்ச்சுவரில் சாய்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் நடந்ததை முழுசாகப் பார்த்தது நான் ஒருத்திதான்.

மிஷின் துப்பியதில் ஒரு சொட்டு தம்பியின் கன்னத்தில் தெறித்தது. "சுடுது அத்தே" என்று போர்வையைத் தள்ளினான். "இருடா சாமி, பச்சத்தண்ணி ஊத்தி அடக்கிருவோம்" என்றாள். பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரால் குடத்துத் தண்ணீரை மொண்டாள். மூடியைத் திருகி ஒரு பக்கமாகத் தூக்கி, அந்த இடுக்கில் டம்ளரைச் சாய்த்தாள். டம்ளரின் விளிம்பு உள்ளே கொதிக்கிற தண்ணீரைத் தொட்டது.

அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை எப்படிச் சொல்வது? மாடு கத்தத் தொடங்கிப் பாதியில் நின்ற மாதிரி இருந்தது. அவள் கை தோளோடு சேர்ந்து வெடுக்கென்று ஒரு வீச்சு வீசியது. குடுவை கவிழ்ந்தது. அவ்வளவும் தம்பியின் தொடையில்.

பட்டாசு ஊரில் வெந்த காயத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று யாரையும் கேட்கவேண்டியதில்லை. தெருவே வந்து நின்றது. ஒருத்தி வாழையிலை அறுத்து வந்தாள், ஒருவர் டாக்ஸி பிடிக்க ஓடினார். கம்பெனியில் வெந்தால் யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. இது வீட்டுக்குள், சின்னப் பிள்ளை. அம்மா வந்தாள், பார்த்தாள், அத்தையின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"யாரோ எங் கையப் பிடிச்சு வெடுக்குன்னு இழுத்தாப்புல இருந்துச்சுண்ணே. நான் தள்ளலண்ணே. சத்தியமாத் தள்ளல" என்று அத்தை அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"கரண்டு அடிச்சுச்சுங்கியா?" என்றார் அப்பா.

"தெரியலண்ணே. இழுத்துச்சு."

அப்பா அதே ஈரச் சாக்கில் ஏறி நின்றார். பிளக் இன்னும் சுவரில்தான் இருந்தது. மூடி வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே கிடந்த குடுவையை எடுத்து, ஈரக் கையை உள்ளே விட்டு நாலாபக்கமும் வழித்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினார்.

"எங்க இருக்கு கரண்டு? காட்டு. ஈரச் சாக்குல நின்னவளுக்குக் கரண்டு எப்படி அடிக்கும்? ஊருக்கே சொல்லிக் குடுக்கிறவன் நான். எனக்கே கதை சொல்லுறியா?"

அங்கே நின்றவர்கள் எல்லாரும் காலை நனைத்துப் பிழைக்கிறவர்கள். அவர்களுக்கு அப்பா சொன்னது சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பது மாதிரி. அத்தையும் குனிந்து தன் ஈரக் காலையே பார்த்துக்கொண்டாள்.

தூங்கிவிழுந்திருப்பாள் என்று அப்பா முடிவு கட்டினார். தெரு அத்தோடு விடுமா? கல்யாணம் பண்ணிவைக்காத கோபத்தைப் பிள்ளைமேல் காட்டிவிட்டாள் என்று ஒரு பேச்சு. மத்தியான நேரத்தில் ஓடைப்பக்கம் போய்வந்தாள், பேயோ என்னவோ பிடித்திருக்கிறது என்று ஒரு பேச்சு. "கையப் பிடிச்சு இழுத்துச்சுன்னு அவளே சொன்னாளே" என்று அதற்குச் சாட்சியும் சொன்னார்கள். அம்மா அந்த அறைக்குப் பிறகு ஒன்றுமே பேசவில்லை. அத்தைக்கு ஆதரவாகவும் பேசவில்லை, எதிராகவும் பேசவில்லை.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அத்தை அவனைத் தொடக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், குளித்தாள், கொல்லைப்படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் அந்தப் பக்கம் போனால் முந்தானையைப் பிடித்து நிறுத்துவாள். "மூச்சு எப்படி விடுதான்? சத்தம் இருக்கா?" என்று கேட்பாள். "கொஞ்சமா இருக்கு அத்தே" என்பேன். "நெஞ்சுல தேங்காண்ணெய சூடு காட்டித் தேய்க்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத" என்பாள். நான் அப்படியே போய் அம்மாவிடம் சொல்வேன், யார் சொன்னது என்று அம்மா கேட்கமாட்டாள்.

தீபாவளிக்கு முன்னாலேயே கல்யாணம் முடிந்தது. காரியாபட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி, பெண்டாட்டி செத்துப்போனவர், இரண்டு பெண் குழந்தைகள். பிள்ளையைத் தொடக்கூடாது என்று ஒதுக்கிவைத்தவளை இரண்டு பிள்ளைகளை வளர்க்க அனுப்புகிறார்களே என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. போகிற அன்றைக்குத் தகரப்பெட்டியோடு வாசலில் நின்றாள். தம்பி அவளைப் பார்த்ததும் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தான். அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் அவனைக் கூப்பிடவில்லை.

மிஷினை யாரும் தூக்கி எறியவில்லை. அம்மாதான் தினமும் ஆவி காட்டினாள். அத்தை போன மறுநாள் ஈரச் சாக்கைச் சுருட்டிக் கொல்லையில் வீசினாள். தம்பிக்குப் போட்ட மணைப் பலகை போல இன்னொன்று கொண்டுவந்து தன் காலுக்கும் போட்டுக்கொண்டாள். கையை முந்தானையில் விரல் விரலாகத் துடைப்பாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடிமேல் கை வைப்பாள். "சாக்கு எங்க?" என்று அப்பா கேட்டதற்கு, "நாறுது" என்றாள். அத்தை உட்கார்ந்த சாக்கு என்பதால் வெறுப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். தம்பி வளர வளர இளைப்பும் தானாக விட்டுப்போனது. அந்தத் தயிர் நிறக் குடுவை கடைசியில் அரிசி அளக்க உதவியது. அப்புறம் எங்கே போயிற்றோ.

போன மாதம் எனக்குச் சளி பிடித்து மூச்சு முட்டியது. மகன் நான் பரணில் போட்டதை இறக்கிவிட்டான். கேன் தண்ணீர் ஊற்றிப் பிளக்கைச் செருகினான். ஆவி வரவில்லை. ஒரு சிட்டிகை உப்புப் போட்டான், உறுமத் தொடங்கியது. வெளியே இருந்தபடியே கேட்டேன்: "உப்புக்கும் கொதிக்கிறதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"இதுல சூடாகிற கம்பியே கிடையாதும்மா. ரெண்டு தகடுதான். கரண்டு ஒரு தகட்டுலருந்து இன்னொரு தகட்டுக்குத் தண்ணி வழியாத்தான் போகுது. போறப்ப தண்ணி தடுக்குமில்ல, அதுலதான் சூடாகி ஆவியாகுது. நல்ல தண்ணியில லேசாத்தான் போகும். உப்பு சேந்தா நல்லாப் போகும்."

"அடிபம்புத் தண்ணின்னா?"

"அதுலயே உப்பு இருக்கே. அதுக்கு மேல உப்பப் போட்டா பேயாட்டம் கொதிக்கும்."

"தண்ணி காலியாயிட்டா?"

"கரண்டு போக வழியில்ல. தானா நின்னுரும். தகடெல்லாம் மூடியிலதான இருக்கு, மூடியக் கழட்டுன காலிக் குடுவையில கைய விட்டாலும் ஒண்ணும் செய்யாது."

"ஓடுறப்ப உள்ள இருக்கிற தண்ணியத் தொட்டா? ஈரத் தரையில நின்னுக்கிட்டு?"

"என்னம்மா கேள்வி இது? அந்தத் தண்ணியே கரண்டுதான். கால் காஞ்சு பலகைமேல நின்னா தப்பிக்கலாம். ஈரத்துல நின்னா உடம்பு வழியாத் தரைக்கு இழுத்துரும். ஆளே போயிரும்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மருந்து அறையில் உயிரைக் காப்பாற்றுகிற அதே ஈரம். அப்பா வழித்துக் காட்டிய காலிக் குடுவை. கும்பிட்டபடி நின்ற அத்தை. எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அப்பா செத்து ரொம்ப வருஷம் ஆகிறது. கோபப்படக்கூட அவர் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த இரண்டாவது மணைப் பலகை ஞாபகம் வந்தது.

அம்மா சிவகாசியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். மறுநாளே போனேன். தம்பி கடைக்குப் போயிருந்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

"ஏம்மா, அத்தை போனபெறகு நீ ஏன் பலகையில நின்ன?"

கிள்ளுவதை நிறுத்தவில்லை. ஞாபகம் இல்லை என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"பிள்ள மேல கொட்டுறதுக்கு ஒரு வாரம் முந்தியே எனக்கு மூடியத் தொட்டப்ப விறுவிறுன்னு தோளு வரைக்கும் ஏறுச்சு. சாக்குலதான் நின்னேன். எறங்கி நின்னு தொட்டேன், கம்மியா இருந்துச்சு. பலகையில ஏறி நின்னேன், ஒண்ணும் தெரியல."

"அப்பாகிட்ட சொல்லலியா?"

"சொன்னா உங்கப்பா அன்னைக்கே மிஷினத் தூக்கிக் கெணத்துல போட்டுருப்பாரு. அவருக்குப் பொறின்னா எம்புட்டு பயம்னு ஒனக்குத் தெரியாதா? பிள்ள கால நீட்டித் தூங்குனதே அது வந்தபெறகுதான்."

"சரிம்மா. அத்தைக்கு அடிச்சபெறகாவது சொல்லியிருக்கலாம்ல? அவுக கும்பிட்டுக்கிட்டு நின்னாகளே."

அம்மா வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டாள். "அப்பவும் பிள்ளைக்கு இளைப்பு இருந்துச்சுல்ல?" என்றாள்.

எனக்கு அவளை உலுக்கவேண்டும் போல வந்தது. வீட்டைவிட்டு எழுந்து போய்விடவேண்டும் போலவும் இருந்தது. ஆனால் நானும் பிள்ளை பெற்றவள்தானே. முழங்காலைக் கட்டிக்கொண்டு திணறுகிற அந்தத் தோள்பட்டைகளை நானும் பார்த்தவள்தானே. அவள் வாயோர வெற்றிலைச் சாற்றைத் துடைத்துவிட்டு எழுந்தேன். "அவகிட்ட சொல்லப்போறியா?" என்று கேட்டாள். நான் தம்பி வருகிற வழியைப் பார்க்க வாசலுக்குப் போனேன்.

தம்பியிடம் கரண்டு விஷயத்தை மட்டும் சொன்னேன், அம்மா சொன்னதைச் சொல்லவில்லை. அவன் தொடையை ஒரு தடவை தடவிக்கொண்டான். "வாக்கா, இன்னைக்கே போவோம்" என்றான்.

காரியாபட்டியில் அத்தை மூத்த மகளோடு இருக்கிறாள். மகள் என்றால் அவள் பெறாத மகள். அத்தை சுருங்கிப்போயிருந்தாள், ஆனால் காதுமடலைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. தம்பியைப் பார்த்து, "வாங்க ராசா, சாப்பிட்டீகளா?" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். தூக்கி வளர்த்த பிள்ளையை 'வாங்க' என்று கூப்பிட்டதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. தம்பிக்கும்தான். மகளின் பேரப்பிள்ளை ஒன்று, நடக்கப் பழகுகிற வயசு, தடுமாறிக்கொண்டே அத்தையிடம் வந்து கையை நீட்டியது. அத்தை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா எப்பவும் இப்படித்தான்" என்றாள் அந்த மகள். "எங்க ரெண்டு பேருக்கும் எம்புட்டோ செஞ்சாக. சோறு போட்டாக, படிக்கவச்சாக, பேறுகாலம் பாத்தாக. ஆனா பிள்ளையத் தூக்கச் சொன்னா மட்டும் கையப் பின்னாடி கட்டிக்கிருவாக. ஏன்னு கேட்டாச் சொல்லமாட்டாக."

தம்பிதான் சொன்னான். தகடு, உப்புத் தண்ணீர், டம்ளர் எல்லாவற்றையும் மெதுவாக, ஒவ்வொன்றாக. அத்தை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "அது எப்படி ராசா? கால நனச்சுட்டுத்தான நின்னேன்?" என்றாள். அப்பா கேட்ட அதே கேள்வி.

"அந்த ஈரந்தான் அத்தே ஒங்கள இழுத்துச்சு. கம்பெனியில உடம்புல இருக்கிறது எறங்கி ஓடும். இங்க சுவத்துலருந்து வந்துக்கிட்டே இருக்கில்ல, அது ஒங்க வழியாத் தரைக்கு எறங்குச்சு. நீங்க காஞ்ச தரையில நின்னிருந்தாத் தப்பிச்சிருப்பீக."

அத்தை தன் வலது கையை முன்னால் கொண்டுவந்து மடியில் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப நான் தள்ளலியா?"

"இல்லத்தே."

"எங் கை தள்ளலியா? எனக்கே ஒரு சந்தேகம் ராசா. எல்லாரும் சொல்லச் சொல்ல, மனசுக்குள்ள ஏதாச்சும் கெடந்துச்சோ, எனக்குத் தெரியாமத் தள்ளிட்டனோன்னு." அவள் குரல் உடையவில்லை. வேறு யாரைப் பற்றியோ சொல்வது மாதிரிதான் சொன்னாள். தம்பி தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

"அண்ணன் விரிச்ச சாக்குல்ல அது? அண்ணன் இல்லாததே நல்லது. கேட்டா தாங்கமாட்டாக" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மதினிக்குத் தெரியுமா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் அத்தையின் கையைப் பார்த்தேன். அன்றைக்கு அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே கை.

"இனிமேத்தான் சொல்லணும் அத்தே" என்றேன்.

"பக்குவமாச் சொல்லு தாயி. என்னைய அடிச்சத நெனச்சு வெம்பிப்போவா, பாவம்."

குழந்தை மறுபடியும் வந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கியது. மகள், நான், தம்பி மூன்று பேரும் அத்தையையே பார்த்தோம். அத்தை முந்தானையை எடுத்து இரண்டு கையையும் துடைத்தாள். விரல் இடுக்கு, உள்ளங்கை, மணிக்கட்டு வரைக்கும் துடைத்தாள். குழந்தையின் அக்குள் வரைக்கும் கையைக் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது. மெதுவாகக் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு விளங்கிருச்சு தாயி" என்றாள் என்னிடம். "கைக்கு விளங்கணும்ல. நீயே தூக்கு."

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.